மில்ஸ் அம்மையாரின் கல்லூரி

எமது சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, எமது பாடசாலையின் வரலாற்றையே மறுபடியும் எழுதுவதா என்று தயங்கினோம். அதிபர்களின் வரிசை, கட்டடங்கள் எழுந்த கதை, போட்டிகளில் வென்ற கேடயங்கள் ஆகியன முன்னைய மலர்களில் நன்றாகவே எழுதப்பட்டுள்ளன. அவற்றுக்கு மேல் எழுதக்கூடியவை அலுவலக அலுமாரிகளில் இருந்தன. அந்த அலுமாரிகள் 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வோடு போயின. ஆகவே இம்முறை வேறொரு கல்லூரியின் கதையைச் சொல்ல எண்ணினோம்.

அது கலிபோர்ணியாவில், ஒக்லண்ட் நகரில் உள்ள மில்ஸ் கல்லூரி. கலையும் விஞ்ஞானமும் சேர்த்துக் கற்பிக்கும் சிறிய தனியார் கல்லூரி. அந்நாட்டில் இத்தகையவற்றை லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்பார்கள். நூற்றாண்டுக்கு மேலாக மகளிருக்கென்றே நடந்தது. அதற்கும் யாழ்ப்பாணத்துப் பெண் பிள்ளைகளாகிய எமக்கும் என்ன உறவு என்று வாசகியர் கேட்கலாம். அந்தக் கல்லூரியை உருவாக்கிய சைரஸ் மில்ஸ், சூசன் மில்ஸ் தம்பதியர் அதற்கு முன்னர் ஐந்து வருடங்கள் வட்டுக்கோட்டையில் வாழ்ந்தவர்கள். வட்டுக்கோட்டைக்கு எத்தனையோ தரம் பஸ் ஏறிப் போய் வந்த நாமே இதை மிகவும் பிந்தித்தான் அறிந்தோம்.

சூசன் டொல்மன் 1825 இல் அமெரிக்காவின் வேர்மொண்ட் மாநிலத்தில் பிறந்தவர். மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் சவுத் ஹட்லி என்ற கிராமத்தில், மேரி லயன் 1837 இல் தொடங்கிய மவுண்ட் ஹோலியோக் பெண்கள் செமினரியில் படித்து 1845 இல் தேறினார். பின்னர் அங்கேயே மூன்று வருடம் ஆசிரியையாக இருந்தார்.

மேரி லயனைப் பற்றிச் சிறிது சொல்லாமல் அப்பால் செல்ல முடியாது. ஆண்களுக்குக் கல்லூரி கட்டப் பணம் தரும் பெரிய மனிதர்கள் பெண்களுக்குக் கட்டத் தரமாட்டார்கள் என்று கண்ட அந்த அம்மையார், பச்சை வெல்வெட்டுப் பையொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சில்லறையாகச் சேர்த்தார். அக்காலத்தில் ஒரு பெண் தனியே பிரயாணஞ் செய்து பணம் கேட்பதா என்று முகஞ்சுளித்தவர்களும் இருந்தார்கள். அவர் நிறுத்தவில்லை. நான்கு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பியது. எண்பது மாணவியரோடு பாடசாலை ஆரம்பமாயிற்று. விடுதிக்கும் படிப்புக்குமாக வருடத்துக்கு 60 டொலர் மாத்திரம் அறவிட்டார்.

அவ்வளவு குறைவாக அறவிட முடிந்தது எப்படி? வேலைக்காரர் இல்லை. சமையல், கழுவல், துடைத்தல், பாண் சுடுதல் அனைத்தையும் மாணவியரே பங்கிட்டுச் செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியால வேலை. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற கவிஞர் எமிலி டிக்கின்சன் 1847 இல் அங்கே ஒரு வருடம் படித்தார். மேசைக் கத்திகளை எடுத்துச் செல்வதும், இரவில் அவற்றைக் கழுவித் துடைப்பதும் அவருடைய முறை என்று தோழிக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். அந்த வருடம் சூசன் டொல்மன் அங்கே ஆசிரியை.

இதை வாசித்தபோது எமக்குச் சிரிப்பு வந்தது. எமது விடுதியில் இருந்தவர்களுக்கு அந்த முறைப் பட்டியல் மறந்திருக்காது. கிணற்றடி முறை, மேசை முறை, வெங்காய முறை! வெங்காய முறைக்காரி கண்ணீரோடு படிப்பறைக்குள் வந்தால், வீட்டு நினைவில் அழுகிறாள் என்று எண்ணிப் புதிய ஆசிரியை ஒருவர் தேற்றியது ஒரு தலைமுறைக்கே கதையாக இருந்தது. பணச் செலவைக் குறைக்கவும் பழக்கம் வரவும் வைத்த ஏற்பாடு அது என்று மட்டும் எமக்குச் சொல்லியிருந்தார்கள். சவுத் ஹட்லியில் அதற்கு இன்னொரு பயனும் இருந்தது: பணக்கார வீட்டுப் பெண்ணும் விவசாயி மகளும் ஒரே தொட்டியில் பாத்திரம் கழுவினார்கள். எமது விடுதியில் அந்தச் சமத்துவம் வந்து சேர எவ்வளவு காலம் சென்றது என்பது மூத்த அக்காமாருக்குத் தெரியும். அதை மூடி எழுத நாம் விரும்பவில்லை.

படிப்பில் மேரி லயன் விட்டுக்கொடுக்கவில்லை. நுழைவுக்குப் பரீட்சை வைத்தார். ஆண்கள் கல்லூரிகளில் வைத்த பாடநூல்கள் சிலவற்றையே பெண்களுக்கும் வைத்தார். இரசாயனத்தைத் தாமே பரிசோதனைகள் செய்துகாட்டிப் படிப்பித்தார். யூக்ளிட்டின் கேத்திரகணிதம், தாவரவியல், வானியல், தருக்கம் என்று பாடங்கள் விரிந்தன. தையலும் சங்கீதமும் தெரிந்தால் போதும் என்று பெண்களைப் பற்றி எண்ணியிருந்த நாட்டில் அது சிறிய காரியமன்று.

1848 இல் சூசன், சைரஸ் மில்ஸ் என்பவரை மணம் புரிந்தார். சைரஸும் வில்லியம்ஸ் கல்லூரி என்ற சிறிய கல்லூரியின் பட்டதாரி. மணமாகிய சில வாரங்களில் இருவரும் பொஸ்ரனில் கப்பலேறி, 1849 தொடக்கத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார்கள். அந்த மார்ச் மாதத்தில் மேரி லயன் காலமானார். அன்றைய தபால் வேகத்தில், ஆசிரியையின் மரணச் செய்தி வட்டுக்கோட்டைக்கு வந்து சேரும்போது மாதங்கள் பல கழிந்திருக்கும்.

சைரஸ் மில்ஸ் பொறுப்பேற்றது வட்டுக்கோட்டைச் செமினரியை. அமெரிக்க மிஷனார் 1816 இல் இங்கு வந்து, 1823 இல் தொடங்கிய உயர்கல்வி நிலையம் அது. கல்லூரி என்ற பெயரிலேயே தொடங்க விரும்பினார்கள். அமெரிக்கர் கல்லூரி அமைப்பதை அன்றைய பிரித்தானிய ஆட்சி விரும்பவில்லை. ஆதலால் பெயரைக் குறைத்துக்கொண்டு வேலையைக் குறைக்காமல் நடத்தினார்கள். முதல் தலைவர் டானியல் பூவர். அடுத்தவர் ஹென்றி ஹொய்சிங்ரன்.

அங்கே நடந்த படிப்பை இன்று எண்ணிப் பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. ஆங்கிலம் ஒருபுறம், தமிழிலக்கணமும் இலக்கியமும் மறுபுறம், சிலருக்குச் சமஸ்கிருதம். கணிதம், பூமிசாஸ்திரம், பௌதிகம், வானசாஸ்திரம். 1829 இல் சந்திரகிரகணம் ஒன்று வந்தது. அது தொடங்கும் நேரம், முடியும் நேரம், மறையும் அளவு ஆகிய மூன்றிலும் உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிப்புக்கும் பூவரின் கணிப்புக்கும் வித்தியாசம் இருந்தது. ஊரவர் கூடி வானத்தைப் பார்த்திருந்தார்கள். பூவரின் கணிப்புச் சரிவந்தது. மிஷன் நூல்கள் இதனை வெற்றி முழக்கத்தோடு எழுதும். எமக்கோ, கிரகணத்தை முன்கூட்டிக் கணிக்கத் தெரிந்த ஒருவர் இவ்வூரிலேயே பரம்பரையாக இருந்தார் என்பதும், சில நிமிட வித்தியாசத்துக்காக ஓர் ஊர் முழுவதும் விழித்திருந்தது என்பதும் அந்த வெற்றியைவிடப் பெரிதாகப் படுகின்றன. ஹொய்சிங்ரனுக்கும் அப்படிப் பட்டிருக்க வேண்டும். அவர் தமிழரின் சோதிட கணிதத்தைக் கற்று, மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து 1848 இல் நூலாக அச்சிட்டார். பின்னர் சிவஞானபோதத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

மாணவர் வாழ்க்கை எப்படியிருந்தது? எல்லாரும் விடுதியில் தங்கினர். மிஷன் விடுதிகளின் ஆரம்ப நாட்களில் மிஷன் வளவுக்குள் சமைத்த சோற்றைப் பிள்ளைகள் தொட மறுத்தார்கள். வளவுக்கு வெளியே சமையற்கட்டு அமைக்க வேண்டியதாயிற்று. பிள்ளையின் செலவை ஏற்ற அமெரிக்க உபகாரியின் பெயர் பிள்ளைக்குச் சூட்டப்பட்டது. அதனால்தான் எமது இலக்கிய வரலாற்றில் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்றும், நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்றும், கறல் விசுவநாதபிள்ளை என்றும் இரட்டைப் பெயர்கள் நிற்கின்றன. இந்தப் பெயர் மாற்றத்தில் எமக்கு உடன்பாடில்லை. ஆயினும் அவர்கள் அந்தப் பெயர்களோடு தமிழுக்கு என்ன செய்தார்கள் என்று பாருங்கள். சதாசிவம்பிள்ளை புலவர் வரலாறுகளைத் திரட்டிப் ‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதினார். சிதம்பரப்பிள்ளை தருக்கத்தைத் தமிழில் ‘நியாய இலக்கணம்’ ஆக்கினார். விசுவநாதபிள்ளை அட்சரகணிதத்தை ‘வீசகணிதம்’ என்று தமிழாக்கினார். 1841 இல் ‘உதயதாரகை’ பத்திரிகை வெளிவந்தபோது அதன் ஆசிரியர் இருவரும் செமினரியில் படித்தவர்களே. சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதலாகப் பட்டதாரிகளை ஆக்கியபோது அவ்விருவரும் வட்டுக்கோட்டையிலிருந்து போனவர்கள்: ஒருவர் அங்கே கணிதம் கற்பித்த விசுவநாதபிள்ளை, மற்றவர் அங்கே கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை. தொல்காப்பியப் பொருளதிகாரமும் கலித்தொகையும் அச்சேறியது தாமோதரம்பிள்ளையின் உழைப்பால் என்பதை இங்கே விரிக்க வேண்டியதில்லை. உயர்தரத்தில் தமிழ் எடுத்த எல்லாருக்கும் தெரியும். இலங்கை அரசின் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், இச்செமினரி ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு வைத்து எண்ணத்தக்கது என்று 1850 இல் எழுதினார்.

இத்தனைக்கும் அங்கே ஒரு பெண் பிள்ளைகூடப் படிக்கவில்லை.

பெண் பிள்ளைகளுக்கு உடுவில் இருந்தது. 1824 இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் தொடங்கிய விடுதிப் பாடசாலை அது. 1840 இல் வந்த எலைசா அக்னியூ 1879 வரை அதனை நடத்தினார். ஒரு தடவைதானும் ஊர் திரும்பாமல் இங்கேயே 1883 இல் கண்மூடினார். ஆயிரம் பிள்ளைகளின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். வாசிப்பு, எழுத்து, கணக்கு, பூமிசாஸ்திரம், வேதபாடம், தையல் ஆகியவற்றை உடுவில் கற்பித்தது. பெண் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதே வெட்கம் என்றிருந்த நாட்டில் அது பெரும் புரட்சி. மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் நோக்கம் ஒளிவுமறைவில்லாதது: செமினரியில் படித்துத் தேறும் வாலிபர்களுக்குப் படித்த மனைவியர் வேண்டும். மணமாகும் பிள்ளைகளுக்கு ஆரம்பத்தில் மிஷனே சீதனமும் கொடுத்தது. யூக்ளிட் வட்டுக்கோட்டைக்கு, ஊசியும் நூலும் உடுவிலுக்கு. இரண்டுக்கும் இடையே மாட்டுவண்டிப் பயணந்தான்.

சூசன் மில்ஸ் வந்து நின்றது இந்த இரண்டுக்கும் நடுவில். கேத்திரகணிதமும் இரசாயனமும் கற்ற, கற்பித்த பெண் அவர், இருபத்துமூன்று வயது. இங்கே அவருக்குக் கிடைத்த இடம் தலைவரின் மனைவி என்பது. ஜன்னலுக்கு அப்பால் நடந்த படிப்பு அவருக்குத் தெரியாத படிப்பல்ல. பின்னாளில் அவர் செய்தவற்றையெல்லாம் பார்க்கும்போது, அந்த ஐந்து வருடமும் அவருக்கு ஒரு கணக்கைக் கற்பித்திருக்கும் என்றே எமக்குத் தோன்றுகிறது. ஒரு சிறிய கல்லூரி, ஒரு சில ஆசிரியர், ஒரு தலைமுறை மாணவர். இவ்வளவு இருந்தால் ஒரு நாட்டின் எழுத்தும் கணக்கும் மாறும். யாருக்குக் கதவைத் திறக்கிறோம் என்பதே கேள்வி.

நோய் காரணமாக இருவரும் 1854 இல் நாடு திரும்பினார்கள். அடுத்த வருடமே செமினரி மூடப்பட்டது. 1855 இல் பொஸ்ரனிலிருந்து மிஷன் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் பார்வையிட வந்தார். ஆங்கிலப் படிப்பு அரசாங்க உத்தியோகத்துக்கே வழிகாட்டுகிறது, செலவும் அதிகம், மிஷன் தன் பணத்தைத் தமிழ்வழிச் சமயப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. தாய்மொழிக் கல்வியை ஆதரிக்கும் எமக்கு அந்தக் கொள்கையின் ஒரு பாதியோடு பிணக்கில்லை. ஆனால் தமிழை மிக ஆழமாகக் கற்பித்த இடத்தைத் தமிழின் பெயராலேயே மூடிய விந்தையை என்னென்பது? ஒரு கொள்கையால் மூடப்பட்ட அந்தக் கல்லூரியை மறுபடி எழுப்ப முன்னின்றவர்கள் அதன் பழைய மாணவர்கள். அவர்களும் ஊர்க் கிறிஸ்தவர்களும் பணம் சேர்த்து, மனுப்போட்டு, பதினேழு வருடங்களின் பின் 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரியைத் தொடங்கச் செய்தார்கள்.

மில்ஸ் தம்பதியரின் கதைக்கு மீள்வோம். 1860 முதல் நான்கு வருடம் ஹவாய்த் தீவில் ஒரு பாடசாலையை நடத்திய பின் கலிபோர்ணியா வந்தார்கள். பெனீசியா என்ற சிறு பட்டினத்தில் 1852 முதல் இளம் பெண்கள் செமினரி ஒன்று நடந்துவந்தது. தங்கம் தேடி வந்தவர்களால் நிறைந்த மாநிலத்தில், அவர்களுடைய பெண் பிள்ளைகளுக்கென்று எழுந்த பாடசாலை. 1865 இல் இருவரும் தம் சேமிப்பைக் கொண்டு அதனை வாங்கினார்கள். 1871 இல் ஒக்லண்ட் மலையடிவாரத்துக்கு அதனை மாற்றி, நான்கு மாடியில் மில்ஸ் மண்டபத்தைக் கட்டினார்கள். வெறும் புல்வெளியாகக் கிடந்த இடத்தில் சைரஸ் யூக்கலிப்ரஸ் மரங்களை நாட்டினார். வகுப்பு, விடுதி, சாப்பாட்டறை எல்லாம் பல வருடங்களாக அந்த ஒரே மண்டபத்துக்குள்தான். அதிபரும் ஆசிரியைகளும் அதே கூரையின் கீழ். சவுத் ஹட்லியின் அதே அமைப்பு! ஆசிரியைகள் பலரையும் சூசன் அங்கிருந்தே வரவழைத்தார். பின்னர் இருவரும் அதனைத் தமது சொத்தாக வைத்துக்கொள்ளாமல் ஒரு நம்பிக்கைப் பொறுப்புச் சபையிடம் ஒப்படைத்தார்கள்.

சைரஸ் 1884 இல் காலமானார். மறுவருடம் அது கல்லூரியாக அதிகாரம் பெற்றது. 1889 இல் முதற் பட்டங்களை வழங்கியது. றொக்கி மலைக்கு மேற்கே முதலாவது மகளிர் கல்லூரி அதுவே. 1890 இல் சூசன் மில்ஸ் அதன் தலைவரானார். வட்டுக்கோட்டையில் தலைவரின் மனைவியாக இருந்தவர், அறுபத்துநான்காம் வயதில் தாமே தலைவர்! 1909 வரை, எண்பத்துமூன்று வயதாகும் வரை அப்பதவியில் இருந்தார். இங்கே இலங்கையில் 1892 இல்தான் கொழும்பு மருத்துவக் கல்லூரி பெண்களை அனுமதித்தது என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அவர் காலத்தில் நடந்த ஒன்றை எமது வாசகியர் விரும்பி வாசிப்பார்கள். 1893 சிக்காகோ உலகக் கண்காட்சிக்கென வார்க்கப்பட்ட பத்து மணிகள் கல்லூரிக்குக் கிடைத்தன. தொங்கவிடக் கோபுரம் இல்லை. கோபுரத்தை அமைக்கும் வேலையை ஜூலியா மோர்கன் என்ற இளம் பெண்ணிடம் கொடுத்தார்கள். கலிபோர்ணியாவில் கட்டடக்கலைஞராக உத்தரவுப்பத்திரம் பெற்ற முதற்பெண் அவர். 1904 இல், அன்று புதுமையாக இருந்த இரும்புக்கம்பிக் கொங்கிறீற்றில் அதனைக் கட்டினார். இரண்டு வருடத்தில் 1906 பூமியதிர்ச்சி வந்தது. சான் பிரான்சிஸ்கோ நகரம் இடிந்தும் எரிந்தும் போனது. மணிக்கோபுரம் அசையாமல் நின்றது. பெண் கட்டியது நிற்குமா என்று கேட்டவர்களுக்கு அதற்குமேல் பதில் தேவைப்படவில்லை.

மில்ஸ் எப்போதும் சிறிய கல்லூரிதான். நூற்றுமுப்பத்தைந்து ஏக்கர் வளவுக்குள் சில நூறு மாணவியர். ஒரு வகுப்பில் பத்துப் பதினைந்து பேர். பேசாமல் பின்வாங்கில் ஒளிந்திருக்க இயலாது. சிறிதாக இருந்ததனால் சிலவற்றைத் துணிந்து செய்தது. நாசிகளுக்குத் தப்பி 1940 இல் பிரான்சிலிருந்து வந்த யூத இசையமைப்பாளர் டாரியஸ் மில்ஹோவுக்கு இடங்கொடுத்தது. 1971 வரை அவர் அங்கே கற்பித்தார். பின்னர் மின்னிசையில் புதுவழி தேடியவர்களுக்கு அது ஒரு மடமாகவே ஆயிற்று. 1974 இல், கணினி என்பது பெண்களின் துறையல்ல என்றிருந்த காலத்தில், கணித அறிஞர் லெனோர் புளூமின் முயற்சியால் கணினி விஞ்ஞானத்தைச் சிறப்புப் பாடமாக வைத்தது. மகளிர் கல்லூரிகளுள் அதுவே முதல்.

பார்பரா லீ என்பவரின் கதை இன்னும் எமக்கு நெருக்கமானது. இரண்டு ஆண் குழந்தைகளோடு தனித்து வாழ்ந்த இளம் தாய் அவர். குழந்தைகளைச் சில வேளைகளில் வகுப்புக்கே கூட்டிவந்து படித்தார். கறுப்பின மாணவர் சங்கத்தின் தலைவியாக இருந்தபோது, ஜனாதிபதி வேட்பாளராக முயன்ற ஷேர்லி சிஸம் அம்மையாரைக் கல்லூரிக்கு அழைத்தார். முதலில் வாக்காளராகப் பதிவுசெய்துகொள் என்று சிஸம் அவரை அதட்டினாராம். 1973 இல் பட்டம் பெற்ற அந்த மாணவி பின்பு காங்கிரஸ் உறுப்பினரானார். 2001 செப்டெம்பரில் யுத்தத்துக்கு அதிகாரம் கொடுக்கும் தீர்மானம் வந்தபோது இரு சபைகளிலும் எதிர்த்து வாக்களித்த ஒரேயொருவர் அவர். யுத்தம் என்றால் என்னவென்று அறிந்த நாம் அந்த ஒரு வாக்கை மறக்கமாட்டோம். எட்டாம் வகுப்பில் ஒருத்தி மட்டும் எழுந்து நின்று, “இல்லை ரீச்சர்” என்று சொல்லப் பழகினால்தான் பின்னால் அப்படி நிற்க முடியும். அந்தப் பழக்கத்துக்குச் சிறிய வகுப்பு நல்ல இடம்.

ஆனால் சிறிய கல்லூரி எப்போதும் பணக்கஷ்டத்தின் ஓரத்திலேயே நடக்கும். 1990 மே மாதம் 3 ஆம் திகதி, பட்டப்படிப்புக்கு ஆண்களையும் சேர்ப்பதென்று பொறுப்புச் சபை தீர்மானித்தது. மாணவியர் தொகை எண்ணூறுக்கும் கீழே. வருமானம் போதாது என்பது காரணம். மாணவியர் அழுதார்கள், பின்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டடங்களின் வாயிலை மறித்து உட்கார்ந்தார்கள். இரண்டு வாரம் கல்லூரி நடக்கவில்லை. பழைய மாணவியர் நாடெங்கும் தொலைபேசியில் கூடி நிதி வாக்களித்தார்கள். ஆசிரியர்கள் மேலதிக பாடம் எடுக்க ஒப்புக்கொண்டார்கள். மே 18 இல் சபை தன் தீர்மானத்தை மீளப்பெற்றது. அன்று சங்கத்தவர் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்கள் என்பது எமக்கு விளங்குகிறது.

முப்பத்தொரு வருடம் அப்படிக் கிடைத்தது. 2021 மார்ச்சில், இனிப் புதிய மாணவியரைச் சேர்ப்பதை நிறுத்திப் படிப்படியாகக் கல்லூரியை மூடுவதாக நிர்வாகம் அறிவித்தது. மாணவியர் தொகை குறைந்துகொண்டே வந்தது. கொள்ளைநோய்க் காலம் அதனை மேலும் மோசமாக்கியது. இம்முறையும் பழைய மாணவியர் எழுந்தார்கள். அவர்களுடைய சங்கம் கணக்குகளைக் காட்டும்படி நீதிமன்றம் வரை சென்றது. ஆயினும் முடிவை மாற்ற இயலவில்லை. 2022 நடுப்பகுதியில் மில்ஸ் கல்லூரி, நோர்த்ஈஸ்டர்ன் என்ற பெரிய பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். அந்தப் பல்கலைக்கழகம் இருப்பது பொஸ்ரனில். 1848 இல் சூசன் மில்ஸ் யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறிய அதே பட்டினம்.

இணைந்தது நல்லதே, அல்லாவிட்டால் வளவே விற்கப்பட்டிருக்கும் என்பார் சிலர். பெயர் மட்டும் மிஞ்சியது என்பார் வேறு சிலர். எம்முள்ளும் இதில் ஒருமனம் இல்லை. இக்கட்டுரையை எழுதிய எம்மில் ஒருவர் ரொறன்ரோவில் இருந்து, பழைய மாணவியர் 1990 இல் வென்றதற்கும் 2021 இல் தோற்றதற்கும் ஒரே காரணந்தான் என்று எழுதினார்: முதல் முறை பணத்தோடு பிள்ளைகளும் இருந்தார்கள், இரண்டாம் முறை பிள்ளைகள் இல்லை. ஊரில் இருக்கும் மற்றவர் அதற்கு உடனே பதில் எழுதவில்லை.

ஏனென்றால் எமது விடுதியில் இப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகளே இருக்கிறார்கள். தீவுப்பகுதியிலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்தவர்கள். வெங்காய முறைக்குக்கூட ஆள் போதாது. எல்லா முறையும் எல்லாருக்கும். மேல்மாடியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் கூரைக்கு ஓடு மாற்ற இலண்டன் கிளையும் கனடாக் கிளையும் சிட்னிக் கிளையும் அனுப்பும் பணம் தவறாமல் வருகிறது. விடுதியை மூடி அந்தக் கட்டடத்தை வகுப்பறைகளாக்குவதா, தூரத்துப் பிள்ளைகளுக்கு உதவுதொகை வைத்து மறுபடி நிரப்புவதா என்பது எமது பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் ஆறாவதாக இருக்கிறது. அந்த ஆறாவதற்கு நேரம் போதாமல் சென்ற முறை தள்ளிவைத்தோம். இம்மலர் உங்கள் கைகளுக்கு வரும்போது அடுத்த கூட்டத்துக்கான அறிவித்தலும் வந்திருக்கும். வர இயலாதவர்கள் தங்கள் எண்ணத்தை எழுதி அனுப்பலாம். செயலாளர் அதைக் கூட்டத்தில் வாசிப்பார்.